பரணில் கிடக்கும் துணியில் எதை வெட்டலாம்? ஒட்டுப்போர்வைக்கு ஒரு ஒப்பீடு

பரண் பெட்டியைத் திறந்தால் பெரும்பாலான வீடுகளில் இதே துணிகள்தான் இருக்கும். அம்மாவின் பருத்திச் சேலைகள், ஒன்றிரண்டு கல்யாணப் பட்டு, முழங்காலில் கிழிந்த ஜீன்ஸ், கல்லூரி விழாவுக்கு அடித்த டீ-ஷர்ட், யாரோ சீர் வைத்த, யாரும் உடுத்தாத சின்தெடிக் சேலை. தூக்கிப் போட மனசு வராது, உடுத்தவும் முடியாது. "இதை வைத்து ஒரு க்வில்ட் தைக்கலாம் என்று இருக்கிறேன், எதில் ஆரம்பிக்கட்டும்?" என்று என்னைக் கேட்பவர்கள் எல்லாருமே ஏறக்குறைய இந்தப் பெட்டியைத்தான் வர்ணிக்கிறார்கள்.

க்வில்ட் என்பது மேல் துணி, நடு அடுக்கு, அடித்துணி மூன்றையும் ஒன்றாக வைத்துத் தையல் ஓட்டிப் பிணைத்த போர்வை. மேல் துணியைத் துண்டுகளாக ஒட்டித் தைப்பதால் ஒட்டுப்போர்வை. அமெரிக்காவில் இதற்கென்றே நெய்து அச்சடித்த பருத்தி தனியாக விற்கிறது. நம் ஊர் ஜவுளிக் கடையில் அதைக் கேட்டால் முழிப்பார்கள். அதனால் நமக்கு வீட்டுத் துணிதான் கதி. அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் வீட்டுத் துணி ஒவ்வொன்றும் ஒவ்வொரு குணம். எது அழகு என்று பார்த்து எடுத்தால் பாதியில் நின்றுவிடும். எனக்கு இரண்டு முறை நின்றிருக்கிறது.

## எதை வைத்து முடிவு செய்வது

யார் துவைப்பார்கள்? நான் முதலில் கேட்பது இதைத்தான். போர்வை என்றால் மாதம் ஒரு முறையாவது தண்ணீர் பார்க்கும். குழந்தை படுத்தால் வாரம் ஒரு முறை. வாஷிங் மெஷினில் போடுவீர்களா, கல்லில் அடித்துத் துவைப்பவர் கையில் கொடுப்பீர்களா, ட்ரை கிளீனிங்கா? இதற்குப் பதில் தெரிந்தாலே பாதித் துணிகள் கழிந்துவிடும்.

எடை. ஊட்டியில் இருப்பவருக்கும் மதுரையில் இருப்பவருக்கும் ஒரே போர்வை ஆகாது. ஏசி அறைக்கு என்றாலும் ஒரு கிலோவை ஒட்டி இருந்தால் போதும்.

உங்கள் மெஷின். கால் மிதிக்கும் பழைய இரும்பு மெஷின் ஜீன்ஸையும் தைக்கும். கையில் தூக்கிக்கொண்டு போகிற சின்ன பிளாஸ்டிக் மெஷின் இரண்டு மடிப்புக்கு மேல் முனகும்.

பிசிறும் இழுவையும். வெட்டிய ஓரம் பிரிந்துகொண்டே போகுமா? க்ராஸாக இழுத்தால் நீளுமா? இரண்டும் சேர்ந்தால் சதுரம் சதுரமாக இருக்காது.

வெட்டினால் என்ன இழப்பீர்கள்? பணம் மட்டும் இல்லை. திரும்ப ஒட்ட முடியாத விஷயம் இது.

அளவுக்கு இங்கே எல்லாவற்றிலும் ஒற்றைக் கட்டில் போர்வையை வைத்துக்கொள்கிறேன்: 60 அங்குலம் அகலம், 90 அங்குலம் நீளம்.

## பழைய பருத்திச் சேலை

முதல் போர்வைக்கு இதைத் தவிர வேறெதையும் நான் சொல்லமாட்டேன். பல வருடம் துவைத்துத் துவைத்துச் சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி, போக வேண்டிய சாயமெல்லாம் பெரும்பாலும் போய், மெத்தென்று ஆகியிருக்கும். தூளி கட்டப் புதுச் சேலையை யாரும் எடுப்பதில்லை. அதே காரணம்தான்.

இதில் வெட்டாமலே ஒரு போர்வை வரும் என்பது பலருக்குத் தெரியாது. சேலை ஐந்தரை மீட்டர் நீளம், 45 அங்குல அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாக மடித்தால் 72-க்கு 45 அங்குலத்தில் மூன்று அடுக்கு கிடைக்கிறது. மேல் துணி, நடு அடுக்கு, அடித்துணி எல்லாம் அதுவே. ஓரத்தை மடித்துத் தைத்து, குறுக்கே ஓட்டுத் தையல் போட்டால் ஒரு குழந்தைப் போர்வை. வங்காளத்துக் காந்தா போர்வை இந்த வழியில் பிறந்ததுதான். பழைய சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைப்பார்கள். நூலுக்குக்கூடக் கடைக்குப் போகவில்லை.

ஒற்றைக் கட்டிலுக்கு இரண்டு சேலை வேண்டும். ஒவ்வொன்றிலும் 90 அங்குலத் துண்டு இரண்டு எடுத்தால் மொத்தம் நான்கு. அகலவாக்கில் இணைத்து மடித்தால் சரியாக மூன்று அடுக்கு. ஒவ்வொரு சேலையிலும் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவாக மிஞ்சும். முந்தானைப் பக்கம் மிஞ்சும்படி வெட்டுங்கள், ஓரத்துக்குப் பட்டி வைக்க அதைவிட நல்ல துணி கிடையாது.

துண்டுகளாக வெட்டி ஒட்ட ஆசை என்றால் கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவாந்தி என்ற ஒட்டுப்போர்வையைப் பாருங்கள். ஓரத்திலிருந்து ஆரம்பித்து உள்நோக்கிச் சுற்றிச் சுற்றி வருவார்கள். துண்டுகளை ஒரே அளவில் வெட்டுவதில்லை. கிடைத்த துண்டை, கிடைத்த அளவில், ஓரம் மடித்து அடித்துணியின் மேல் வைத்துத் தைத்துக்கொண்டே போவதுதான். நான்கு மூலையிலும் மடித்த துணியில் சின்னப் பூ ஒன்று வைத்தால்தான் போர்வை முடிந்ததாகக் கணக்கு. ஸ்கேல் வைத்துச் சதுரம் வெட்டப் பொறுமை இல்லாதவர்களுக்கு (நான் அந்த ஜாதி) இது பெரிய விடுதலை.

மறைந்திருக்கும் செலவு: நேரம். ஓர் அங்குல இடைவெளியில் கையால் ஓட்டுத் தையல் என்றால் 90 அங்குல வரிகள் 60. ஒரு நாளைக்கு ஒரு வரி என்று போட்டால் இரண்டு மாதம். மெஷினில் ஓட்டினால் இரண்டு மூன்று நாளில் முடியும், ஆனால் கைத்தையலில் வரும் அந்த மெல்லிய சுருக்கம் வராது.

இன்னொன்று, நைந்த இடம். உட்கார்ந்து எழுந்த பின்பக்கம், இடுப்பில் செருகிய இடம், ஃபால்ஸ் வைத்த ஓரம் மூன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கண்ணாடி மாதிரி இருந்தால் அந்த இடத்தை நடு அடுக்குக்குத் தள்ளிவிடுங்கள்.

சாயத்தை மட்டும் நம்பாதீர்கள். பழைய சுங்குடியின் அடர் சிவப்பு இருபது வருடம் கழித்தும் பக்கத்துத் துணியில் இறங்கும். வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து உள்கரையில் பத்து இருபது தடவை தேய்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இறங்கினால் அடர் நிறங்களை மட்டும் சேர்த்து ஒரு போர்வை. உப்பும் வினிகரும் போட்டால் சாயம் நிற்கும் என்பதை நம்பி நான் ஒரு வெள்ளை வேட்டியை இழந்திருக்கிறேன். சாயம் போவதைப் பெருமையாக விற்ற கதையும் உண்டு. 1950-களின் கடைசியில் அமெரிக்காவுக்குப் போன மெட்ராஸ் கட்டம் போட்ட துணி துவைத்தவுடன் ஓட ஆரம்பித்து, வாங்கியவர்கள் சண்டைக்கு வந்தபோது, 'சாயம் போகும், உத்தரவாதம்' என்றே விளம்பரம் செய்து விற்றுவிட்டார்கள். நம் வீட்டுப் போர்வைக்கு அந்தச் சாமர்த்தியம் உதவாது.

அப்பாவின் பருத்திச் சட்டைகள், லுங்கி, எல்லாம் இந்த வகையிலேயே சேர்த்தி. 8 முழ வேட்டியைப் பாதியாக வெட்டிப் பக்கவாட்டில் இணைத்தால் ஒற்றைக் கட்டிலுக்கு அடித்துணி தாராளமாக வரும்.

## பட்டுப்புடவை

எல்லாருக்கும் கை முதலில் போவது இதன் மேல்தான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

அத்தையின் கல்யாணப் புடவை. மாம்பழ மஞ்சள் உடல், அரக்குக் கரை. பெட்டியில் மடித்தபடியே முப்பத்தைந்து வருடம். ஜன்னலில் பிடித்தபோது மடிப்புக் கோடு நெடுக ஊசி குத்தியதுபோல வெளிச்சம் வந்தது. அதைக் கவனித்தும் வெட்டினேன். ஆறு அங்குலச் சதுரங்கள், நாற்பது. ஒட்டித் தைத்து இஸ்திரி போட்டு, கையில் தூக்கி உதறினேன். சர்ரென்று ஒரு சத்தம். தையல் பிரியவில்லை, தையலுக்குப் பக்கத்தில் துணியே கிழிந்திருந்தது, அதுவும் எங்கெல்லாம் பழைய மடிப்பு இருந்ததோ அங்கெல்லாம்.

பட்டு வெளிச்சத்தில் கெடும், வியர்வையில் கெடும், ஒரே மடிப்பில் கிடந்தால் இழை அங்கேயே அறும். மாதத்துக்கு ஒரு முறை மடிப்பை மாற்றி வை என்று பெரியவர்கள் சொன்னது இதற்குத்தான். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவிலும் பட்டு, வெல்வெட் துண்டுகளைத் தாறுமாறாக ஒட்டி, மேலே எம்பிராய்டரி போட்டு 'பைத்தியக்கார க்வில்ட்' தைக்கிற மோகம் இருந்தது. அவற்றில் பலவற்றின் பட்டு இன்று தானாகவே கீறிக் கொட்டுகிறது. அந்தக் காலத்தில் எடை கூட்டுவதற்காகப் பட்டில் உலோக உப்பு ஏற்றினார்கள், அதுவே இழையைத் தின்றுவிட்டது. ஆனால் அவர்கள் செய்த ஒரு காரியம் நமக்கு உதவும்: பட்டை நேராகப் பட்டோடு ஒட்டாமல், ஒவ்வொரு துண்டையும் ஒரு பருத்தி அடித்துணியின் மேல் வைத்துத் தைத்தார்கள். இரண்டாவது முறை நான் மல் துணியைச் சதுரமாக வெட்டி, ஒவ்வொரு பட்டுத் துண்டுக்கும் பின்னால் வைத்து, இரண்டையும் ஒரே துணியாகத் தைத்தேன். அது நின்றது. வேலை இரண்டு மடங்கு.

வெட்டுவதற்கு முன் இரண்டு சோதனை. ஓர் இழையை உருவிக் கொளுத்துங்கள். முடி கருகும் வாசனையும் விரலில் நசுங்கும் கரியும் வந்தால் பட்டு. உருகிக் கெட்டியான மணியாகச் சுருண்டால் பாலியெஸ்டர், நீங்கள் படிக்க வேண்டியது இந்தப் பகுதி இல்லை. அடுத்தது ஜரிகை. பழைய அசல் ஜரிகை என்பது பட்டு நூலில் சுற்றிய வெள்ளிக் கம்பி, மேலே தங்கமுலாம். அதற்கு இன்றும் விலை உண்டு. பழைய பட்டுப்புடவை வாங்குபவர் தெருவில் வந்தபோது கரையை மட்டும் காட்டினேன். உரைகல்லில் ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டு, "இந்தக் காலத்துப் புடவைல இது வராதுக்கா, வெட்டிப்புடாதீங்க" என்றார். அவர் வியாபாரம் அவருக்கு, ஆனாலும் சொன்னது உண்மை. வெட்டிய கரைக்குத் துண்டு விலைதான். முழுப்புடவையாக என்ன தருவார்கள் என்று முதலில் கேட்டுவிட்டு, அதற்கப்புறம் கத்தரியை எடுங்கள்.

அத்தையிடம் கேட்டபோது அவர் விலையைப் பற்றிப் பேசவே இல்லை. "வெட்டுறதுன்னா வெட்டு. முந்தானைய மட்டும் விட்டுரு" என்றார். முந்தானையை விட்டேன். இப்போது அது பூஜை அறைத் திரை.

ஜரிகைக் கரையைப் போர்வையில் வைத்தால் இன்னும் சில தொல்லைகள். கன்னத்தில் உரசும். வெள்ளி கறுக்கும். ஊசி சீக்கிரம் மழுங்கும். கரையைத் தனியாக நெய்து இணைக்கும் கோர்வைப் புடவையில் உடலும் கரையும் சேரும் இடத்தில் ஒரு தடிப்பு இருக்கும், தையல் அதன் மேல் விழுந்தால் துள்ளும். இன்றைய புடவைகள் பலவற்றில் வருகிற பிளாஸ்டிக் ஜரிகையோ இஸ்திரிச் சூட்டில் சுருங்கிவிடும், மேலே ஒரு துணி போட்டுத்தான் தேய்க்க வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு: மல் துணி, 11-ஆம் நம்பர் மெல்லிய ஊசிகள், ட்ரை கிளீனிங். கடைசிச் செலவு போர்வை இருக்கும்வரை தொடரும்.

எப்போது சரி? துவைக்கவே வேண்டாத இடத்தில். சுவரில் தொங்குவது, திண்டு உறை, நவராத்திரிக்குக் கொலுப்படி விரிப்பு, மகள் கல்யாணத்துக்குத் தாம்பாளத் துணி. தினமும் போர்த்திக்கொள்ளப் பட்டு வேண்டாம்.

## ஜீன்ஸ்

கிழிந்த இடத்தைத் தவிர மற்றதெல்லாம் இரும்பு. நடு அடுக்கே தேவையில்லை. வெட்ட எளிது, வழுக்காது, சதுரம் சதுரமாகவே நிற்கும். அதனால்தான் புதிதாக வருபவர்களை இது ஏமாற்றுகிறது.

கணக்கைப் பாருங்கள். 60-க்கு 90 போர்வைக்கு, தைத்த பிறகு 6 அங்குலம் வரும் சதுரங்கள் 150 வேண்டும். தையலுக்கு இரண்டு பக்கமும் அரை அங்குலம் சேர்த்து 7 அங்குலமாக வெட்டினால், ஒரு பெரியவர் ஜீன்ஸில் 14 சதுரம் தேறும். ஆக 11 ஜீன்ஸ். ஒரு வீட்டில் அத்தனை சேர எத்தனை வருடம் ஆகும்? சேர்ந்தாலும், அடித்துணியோடு 2 கிலோவைத் தாண்டும். நனைந்தால் அதற்கு இரண்டு மடங்கு. மொட்டை மாடிக் கொடியில் ஒரு முறை போட்டுப் பார்த்தால் தெரியும், கொடிதான் முதலில் இறங்கும்.

தைக்கும்போது இடைஞ்சல் எங்கே என்றால், நான்கு சதுரம் சேரும் மூலையில். அங்கே மடிப்பு மேல் மடிப்பாகத் துணி. தையல் ஓரங்களை இரண்டு பக்கமும் விரித்து அழுத்தித் தேய்த்து, மரச் சுத்தியலால் (நான் குழவியால்) ஒரு தட்டுத் தட்டி, சக்கரத்தைக் கையால் சுற்றி மெதுவாகத் தாண்ட வேண்டும். 16 அல்லது 18-ஆம் நம்பர் ஊசி. 14-ஐ வைத்துக்கொண்டு வேகமாக மிதித்தேன், உடைந்த முனை மூக்குக்கண்ணாடியில் பட்டுத் தெறித்தது. கண்ணாடி போட்டிருந்தது என் அதிர்ஷ்டம். மெஷின் சரிபார்க்க வந்தவர் அடியில் தட்டைத் திறந்து, நீல நிறப் பஞ்சை ஒரு கைப்பிடி எடுத்து மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார், எதுவும் சொல்லவில்லை. ஜீன்ஸ் தைக்கிற நாட்களில் இப்போது தினமும் பாபின் பெட்டியைத் துடைக்கிறேன்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, ஜீன்ஸில் எனக்குப் பிடித்த ஒரு விஷயமும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் கீஸ் பெண்ட் என்ற ஊரில், கறுப்பினப் பெண்கள் வயல் வேலைத் துணிகளில் தைத்த க்வில்ட்டுகள் 2002-ல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் ஓவியங்களைப்போலச் சுவரில் தொங்கின. அவர்களில் மிசோரி பெட்வே என்பவர் 1942-ல், கணவர் இறந்தபின், அவருடைய வேலைத் துணிகளையே எடுத்து ஒரு போர்வை தைத்தார், அதைப் போர்த்திக்கொண்டு அவரை நினைத்துக்கொள்வதற்காக. முழங்கால் தேய்ந்த வெளுப்பும், பாக்கெட் இருந்த இடத்தில் மட்டும் வெளுக்காத அடர் நீலச் சதுரமும் ஜீன்ஸில் தானாக வரும் ஓவியம். பாக்கெட்டைப் பிரித்துவிட்டு அந்தச் சதுரத்தை வெளியே தெரியும்படி வையுங்கள்.

எப்போது சரி? பிக்னிக் விரிப்பு, காரின் பின் சீட் உறை, நாய்க்குப் படுக்கை, திண்ணையில் போட ஒரு விரிப்பு. ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் போர்வையாகவும் தைக்கலாம்.

## டீ-ஷர்ட்

பின்னல் துணி எல்லாப் பக்கமும் இழுபடும். மெஷின் பாதம் மேல் அடுக்கைத் தள்ளிக்கொண்டே போகும், தைத்து முடித்தால் சதுரம் சாய்சதுரம் ஆகியிருக்கும். பின்பக்கம் ஃப்யூசிங் (இஸ்திரிச் சூட்டில் ஒட்டிக்கொள்ளும் துணி) ஒட்டினால்தான் அடங்கும். காலர் கேன்வாஸ் விற்கும் தையல் சாமான் கடையில் கிடைக்கும், மெல்லியதாகக் கேளுங்கள். முன்னால் அச்சடித்த படத்தின் மேல் இஸ்திரி பட்டால் அதுவே இஸ்திரிப் பெட்டியில் ஒட்டிக்கொள்ளும். முனை உருண்ட ஊசி வேண்டும், கூரான ஊசி இழையை அறுத்து ஓட்டை ஓட்டையாக விடும்.

20 டீ-ஷர்ட்டில் 15 அங்குலச் சதுரம் ஒவ்வொன்று எடுத்தால் 56-க்கு 70 அளவில் ஒரு போர்வை. 20-க்கும் ஃப்யூசிங் வாங்கும் காசைக் கூட்டிப் பார்த்தால் ஒரு நல்ல போர்வையே வாங்கிவிடலாம் போலிருக்கும். நினைவுக்காக என்றால் மட்டும் செய்யுங்கள். ஹாஸ்டலுக்குப் போகும் பிள்ளைக்கு அவன் விளையாடிய அணிகளின் பனியன்களில் ஒரு போர்வை என்றால், அது வேறு கணக்கு. மெஷினில் துவைக்கலாம், அவனே துவைத்துக்கொள்வான் என்றும் நம்பலாம். திருப்பூரில் பனியன் வேஸ்ட் கிலோ கணக்கில் மலிவாகக் கிடைக்கிறதே என்று அதில் ஆரம்பிக்காதீர்கள். துண்டுகள் சின்னவை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு கனம்.

## சின்தெடிக் சேலை

சாயம் போகாது, சுருங்காது, பூச்சி தொடாது. வியர்வையை உறிஞ்சாது, அதனால் போர்த்திக்கொள்ள முடியாது. தீயருகில் கூடவே கூடாது. பை தைக்க, மழைக்காலத்தில் மெஷினை மூட, நல்லது. வேறென்ன சொல்ல.

## ஒரே பார்வையில்

| துணி | போர்வையின் எடை | துவைப்பது | ஊசி | கையை மீறும் செலவு | எதற்கு |
|---|---|---|---|---|---|
| பருத்திச் சேலை | சுமார் 1 கிலோ | வீட்டில், எப்படியும் | 14 (கைத்தையலும் போதும்) | நேரம் | தினசரிப் போர்வை, குழந்தை, முதல் முயற்சி |
| பட்டு | மல் துணியோடு 1 கிலோவுக்கு மேல் | ட்ரை கிளீனிங் | 11 | துவைக்கும் கூலி, ஜரிகை மதிப்பு | சுவர், திண்டு, விசேஷம் |
| ஜீன்ஸ் | 2 கிலோவுக்கு மேல் | மெஷின், காயத்தான் நாளாகும் | 16, 18 | ஊசி, மெஷின் பழுது | விரிப்பு, குளிர் ஊர் |
| டீ-ஷர்ட் | பருத்திக்கும் ஜீன்ஸுக்கும் நடுவில் | மெஷின் | முனை உருண்டது | ஃப்யூசிங் | நினைவுப் போர்வை |
| சின்தெடிக் | லேசு | எப்படியும் | 11 | ஒன்றுமில்லை | பை, மூடுதுணி |

கலந்து தைக்கலாமா என்று கேட்பார்கள். பருத்தியோடு ஜீன்ஸ் சேரும், ஜீன்ஸ் ஓரத்தில் மட்டும். துவைக்கிற போர்வையில் பருத்தியோடு பட்டு சேராது. முதல் துவைப்பில் ஒன்று சுருங்கும், இன்னொன்று மினுமினுப்பை இழக்கும்.

## எங்கே உட்கார்ந்து தைப்பது

துணியைத் தேர்ந்தெடுத்தவர்கள்கூட இங்கேதான் விட்டுவிடுகிறார்கள். போர்வை ஒரு நாள் வேலை இல்லை, இரண்டு மூன்று மாதம் வீட்டில் எங்கேயாவது அரைகுறையாகக் கிடக்கும். எடுத்து வைக்கப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆனால், கிடைக்கிற அரை மணி நேரத்தில் யாரும் உட்காரமாட்டார்கள். நான் உட்காரவில்லை.

தனி மேசை. இடம் இருந்தால் இதுதான். ஆனால் மூலையில் தள்ளாதீர்கள். மெஷினுக்கு இடப்பக்கமும் பின்னாலும் போர்வையைத் தாங்க மேசைப் பரப்பு வேண்டும். இல்லையென்றால் துணி தொங்கி, அந்தப் பாரமே ஊசியை வளைக்கும். இதில் மறைந்திருக்கும் செலவு என்னவென்றால், காலியான மேசை வீட்டில் எல்லாருக்கும் கண்ணில் படும். கரண்ட் பில், பள்ளி டைரி, அரிசிப் பை எல்லாம் அங்கே வந்து சேரும்.

சாப்பாட்டு மேசை. வெட்டவும் பரப்பவும் இதைப்போல உயரமும் அகலமும் வேறெதிலும் இல்லை. தினம் மூன்று வேளை காலி செய்ய வேண்டும், எண்ணெய்க் கறை பயம் வேறு. வெட்டும் வேலையை மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே முடித்துக்கொண்டு, தைப்பதை வேறு இடத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

தரையும் ஒரு பெட்டியும். வாடகை வீட்டில் எட்டு வருடம் இப்படித்தான் தைத்தேன். பாய் விரித்து மூன்று அடுக்கையும் பரப்பி, நடுவிலிருந்து ஓரம் நோக்கி நீளத் தையல் போட்டுப் பிணைக்க, தரைதான் சிறந்த இடம், பெரிய மேசை இருந்தாலும் அதற்குத் தரைக்குத்தான் வருவேன். கைத்தையல் போர்வைக்கு மெஷினே வேண்டாம் என்பதால் பருத்திச் சேலையோடு இது நன்றாகப் பொருந்தும். செலவு முதுகுக்கு.

சேமிப்பில் ஒரே ஒரு விதியை மட்டும் பிடிவாதமாகச் சொல்வேன்: துவைக்காத துணி பெட்டிக்குள் போகக்கூடாது. கஞ்சி போட்ட சேலையை அப்படியே வைத்தால் பாச்சை விடாது. அழகாக இருக்கும் என்று பலர் துணிகளை நிறவாரியாக அடுக்குகிறார்கள். நான் கனவாரியாக அடுக்குகிறேன், ஏனென்றால் தைக்கும்போது தொல்லை தருவது நிறம் இல்லை, கனம். மெல்லியது ஒரு டப்பா, சட்டைத்துணி கனம் ஒன்று, ஜீன்ஸ் ஒன்று. பருத்திக்கு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா போதும், உள்ளே இருப்பது வெளியே தெரிய வேண்டும், இல்லையென்றால் அது இன்னொரு பரண். பட்டுக்குப் பிளாஸ்டிக் வேண்டாம். பழைய வெள்ளை வேட்டியில் சுற்றி வையுங்கள், ஜரிகை பக்கத்தில் அந்துருண்டை போடாதீர்கள்.

உள்ளங்கையைவிடச் சின்னத் துண்டுகளைச் சேர்த்து வைப்பதை நான் நிறுத்திவிட்டேன். அவை தலையணைக்குள் போகின்றன.

கடைசியாக ஊசி. தரையில் தைப்பவர்கள், குழந்தை தவழும் வீட்டுக்காரர்கள், எண்ணி எடுத்து எண்ணி வையுங்கள். என் டப்பாவில் கைத்தையல் ஊசி ஏழு. ஒரு ராத்திரி பதினொரு மணிக்கு ஆறுதான் இருந்தது. பாயைத் தூக்கி, துடைப்பத்தால் பெருக்கி, பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தை நூலில் கட்டித் தரை முழுக்க இழுத்துக்கொண்டு போனேன். கிடைக்கவில்லை. போர்வையின் மேலேயே ஒரு முறை இழுத்துப் பார்த்தபோது, இரண்டாவது அடுக்குக்கும் மூன்றாவது அடுக்குக்கும் நடுவிலிருந்து டிக்கென்று வந்து ஒட்டியது.